ஒரு தபாவுக்கு ஒரு கண்ணாடி

அம்பத்தூர் தொடங்கிப் பூந்தமல்லி வரைக்கும் கண்ணாடி என்று எது இருந்தாலும், அதன் மேல் ஒரு தடவையாவது ஹா நைனாவின் மூச்சு பட்டிருக்கும். கார் கண்ணாடி, பஸ் கண்ணாடி, பேக்கரியில் பப்ஸ் அடுக்கிய கண்ணாடிப் பெட்டி, பல் டாக்டரின் மூக்குக்கண்ணாடி, எதையும் அவர் சும்மா விட்டதில்லை. கிட்டே போவார். வாயை முழுசாகத் திறப்பார். 'ஹா' என்று ஒரு ஊது. கண்ணாடி மங்கும். அந்த மங்கல் கலைவதற்குள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "உப்பு கீது நைனா" என்பார். மற்றவர்கள் வணக்கம் சொல்வது போல அவருக்கு இது.

போலீஸ்காரர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை, பால் போடுகிறவர், யாராக இருந்தாலும் அவருக்கு நைனாதான். ஊர் அந்த நைனாவை அவருக்கே திருப்பிக் கொடுத்து, முன்னால் ஒரு 'ஹா'வையும் ஒட்டிவிட்டது. சொந்தப் பெயர் என்ன என்று ஒரு நாள் கேட்டேன். "அத்த தெரிஞ்சுகினு இன்னா பண்ணப் போறே? ரேசன் கார்டு வாங்கித் தரப் போறியா?" என்றார்.

தொழில், பழைய கார்களின் கண்ணாடியைத் தேய்த்துப் பழையபடி ஆக்குவது. நம் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதை ஊற்றிக் காரைக் கழுவி வெயிலில் விட்டால் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாக உப்பு படியும். வருஷக்கணக்கில் படிந்தது சோப்புக்கும் அசையாது, துணிக்கும் அசையாது. அதன் மேல் வைப்பர் போட்ட கோடு, எப்போதோ ஒட்டிக் கிழித்த கறுப்பு ஃபிலிமின் பசை. நைனா பசையைப் பிளேடால் சுரண்டுவார். பிறகு இளஞ்சிவப்பாக ஒரு பவுடரைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, டிரில் மெஷினின் மூக்கில் கம்பளி வட்டு மாட்டித் தேய்ப்பார். நமக்குக் கொட்டாவி வரும்வரை தேய்ப்பார். கண்ணாடி சூடாகிவிடாமல் நடுநடுவே தண்ணீர் தெளிப்பார். அது கேன் தண்ணீர். தான் குடிப்பது போர் தண்ணீர், கண்ணாடிக்கு மட்டும் கேன் தண்ணீர்.

ஒரு தடவை வானகரம் பக்கம் போலீஸ் வண்டிச் சோதனை. நைனா மொபெட்டில் வந்தார். நிறுத்தி, "ஊது" என்றார் கான்ஸ்டபிள். ஊது என்றால் நைனாவுக்குத் தெரிந்தது ஒரே ஊதல்தான். நீட்டிய கருவியை விட்டுவிட்டு நேராக ஜீப்புக்குப் போனார். முன் கண்ணாடியில் 'ஹா' என்று ஊதினார். உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, வைப்பர் ரப்பரு தேஞ்சு பூட்டுது, கண்ணாடிய கீறிகினு கீது. ஞாயித்துக்கெழம எடுத்தாந்துடு" என்றார். உள்ளே உட்கார்ந்திருந்த எஸ்.ஐ.க்கு இவரைப் பிடிப்பதா விடுவதா என்று குழப்பம். குடித்தவன் இவ்வளவு தெளிவாகப் பேச மாட்டான், குடிக்காதவன் இப்படி நடந்துகொள்ள மாட்டான். கடைசியில் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். ஜீப் ஞாயிற்றுக்கிழமை வந்தது என்று நைனா சத்தியம் செய்வார். நான் பார்க்கவில்லை.

பூந்தமல்லியில் அரிசி மண்டி வைத்திருக்கும் ஒருவர் கதை இன்னும் மோசம். அவர் ஓயாமல் வெற்றிலை போடுகிறவர். பின் ஸீட்டுப் பக்கத்துக் கண்ணாடி ஒன்றை நைனா தேய்த்துக் கொடுத்தார். மறுநாள் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போகிற வழியில், ஜன்னல் திறந்திருக்கிறது என்று நம்பிப் புளிச்சென்று துப்பிவிட்டார். பாதி கண்ணாடியில், மீதி பட்டுச் சட்டையில், பக்கத்தில் இருந்த சம்பந்தியம்மாளுக்கும் குறைவில்லாமல் ஒரு பங்கு. அதே சட்டையோடு சண்டைக்கு வந்தார். நைனா சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "கண்ணாடி இருக்குறதே தெர்லன்னு நீயே சொல்றே. இதுக்கு மேல ஒர்த்தன் இன்னா நைனா வேல செய்ய முடியும்?" என்று கேட்டுவிட்டு, அவருக்கே டீ சொன்னார்.

எல்லாவற்றையும் சிரித்துக் கடந்துவிட முடியாது. டீக்கடை மல்லிகாவின் அப்பா இறந்தபோது ஐஸ் பெட்டி வந்தது. எத்தனை சாவு பார்த்த பெட்டியோ, மேல் கண்ணாடி முழுக்கக் கீறலும் மங்கலும். உள்ளே இருப்பது யார் என்றே தெரியவில்லை. வந்தவர்கள் மாலையைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். மாலையோடு போன நைனா அதைப் பக்கத்தில் நின்றவர் கையில் திணித்துவிட்டுக் குனிந்து, 'ஹா'. சொந்தக்காரர்கள் பாய்ந்தார்கள். "யோவ், இன்னாய்யா பண்றே? பொணத்தாண்ட வந்து ஊதிகினு கீறே?" சட்டையைப் பிடித்து இழுத்தும் அவர் நகரவில்லை. மடியிலிருந்து பவுடரை எடுத்துத் துணியில் தொட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அப்போது மல்லிகா கத்தினார்: "வுடுங்க அவர. இப்பதான் எங்கப்பா மூஞ்சி தெரியுது." அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் நிஜமான அழுகை தொடங்கியது.

இப்படிப்பட்ட மனிதரிடம் நான் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் மகன்.

நான் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பட்டாபிராமில் ஓர் அடுக்குமாடியின் இரண்டாவது மாடிக்கு வந்தோம். 'வந்தோம்' என்பது கொஞ்ச காலம்தான் சரியாக இருந்தது. மறு வருஷமே என் மனைவி விஜயா போய்விட்டாள். அதற்குப் பிறகு வந்தேன், போனேன், சாப்பிட்டேன், படுத்தேன் என்று எல்லாமே ஒற்றை ஆளின் காரியமாகிவிட்டது.

கீழே, வெட்டவெளியில் எங்கள் கார் நின்றது. சின்னது, வெள்ளை, வயசு இருபதுக்கு மேல். வாட்ச்மேன் தினமும் காலையில் அதற்குப் பக்தியோடு ஒரு பக்கெட் போர் தண்ணீர் அபிஷேகம் செய்வார். துடைப்பது அவர் கொள்கைக்கு விரோதம். ஒரு வருஷத்தில் எட்டுக் கண்ணாடிகளும் சுண்ணாம்பு அடித்தது போல் ஆகிவிட்டன. உள்ளே உட்கார்ந்தால் மார்கழிப் பனியில் ஓட்டுவது போல இருக்கும், வெளியே சித்திரை வெயில் கொளுத்தும்.

பெங்களூரிலிருந்து மகன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் கூப்பிடுவான். நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் கேள்விகள் எப்போதும் மூன்றுதான். "சாப்டீங்களாப்பா? மாத்திர போட்டீங்களா? கார என்ன பண்ணப் போறீங்க?" முதல் இரண்டுக்கும் பொய் சொல்லிச் சமாளிப்பேன். மூன்றாவதில் மாட்டிக்கொள்வேன்.

"நீங்க எங்கயுமே போறதில்லையேப்பா. அப்புறம் எதுக்கு அது? வித்துடுங்க. நிக்கிற எடமாவது மிச்சமாகும்."

நான் எங்கும் போவதில்லை என்பது உண்மை. போனால் காய்கறிக்கடை, மருந்துக்கடை. இரண்டும் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. சரி என்று சொன்னேன். அவனே போனில் ஒரு புரோக்கரைப் பிடித்தான். புரோக்கர் வந்து வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, "சார், மத்ததெல்லாம் ஓக்கே. கண்ணாடிதான் பேஜாரு. இந்த மாடலுக்குப் புதுக் கண்ணாடி எங்கயும் கெடைக்காது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஹா நைனாகிட்ட போங்க. ஆனா பொறுமையா போங்க" என்றார். பொறுமைக்கு எனக்கென்ன பஞ்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் ஞாயிறு போனபோது எஸ்டேட் வெறிச்சென்று கிடந்தது. மற்ற நாட்களில் லாரியும் லேத்துமாகக் காது கிழிகிற இடம். அன்று எதிரே மல்லிகாவின் டீக்கடையைத் தவிர ஷட்டர்கள் எல்லாம் இறங்கியிருந்தன. நாய்கள் நடுரோட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தன. ஒரு லேத் பட்டறையின் பக்கச் சுவரோடு ஒட்டிய தகரக் கொட்டகைதான் நைனாவின் இடம். உள்ளே சுவர் முழுக்க ஸ்டிக்கர்கள். கார்களின் பின் கண்ணாடியிலிருந்து எடுத்தவை. கட்சிக் கொடி, வக்கீல் சின்னம், குலசாமி பெயர், எல்லாவற்றையும்விட அதிகமாகப் பிள்ளைகளின் பெயர்கள். ஹரிணி, தர்ஷன், ஜெனிபர், பாத்திமா, குட்டிம்மா. ஒன்றையும் கிழியாமல் உரித்து, தூக்கிப் போடாமல் ஒட்டி வைத்திருந்தார். ஐம்பது பிள்ளை பெற்றவரின் வீடு மாதிரி இருந்தது. மூலையில் பார்த்தால் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

குடும்பம் எங்கே என்று நான் கேட்கவில்லை. என் வீட்டிலும் பாத்திரக் கூடையில் ஒரு தட்டும் ஒரு டம்ளரும்தான் கவிழ்ந்து கிடக்கும். ஒரு ஒற்றைத் தட்டு வீட்டுக்கு இன்னொரு ஒற்றைத் தட்டு வீடு புரியும்.

நைனா காரைச் சுற்றி வந்து எட்டு 'ஹா' ஊதினார். "ஐயையே, இது கண்ணாடியா, அப்பளமா?" என்றார். பிறகு டிரைவர் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டி, "இன்னிக்கு இது" என்றார். எனக்குப் புரியவில்லை.

"மத்த ஏழும்?"

"ஒரு தபாவுக்கு ஒரு கண்ணாடி. அதான் நம்ம ரூலு."

"ஏன் அப்படி?"

"ஒண்ண தேச்சு முடிச்சா கண்ணு நல்லதையே பாத்துப் பயகிடும் நைனா. அப்பால அடுத்தத பாத்தா எல்லாமே கறையா தெரியும். தாறுமாறா தேச்சுடுவேன். வாணாம்."

ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவனுக்குச் சாக்குப்போக்கின் வாசனை தெரியும். இது தரமான சாக்கு. இந்த ரூலைக் கேட்டுப் பாதிப் பேர் முதல் கண்ணாடியோடு ஓடிவிடுவார்கள் என்று பிறகு மல்லிகா சொன்னார். அவர்களுடைய கார்கள் ஒரு கண் தெளிந்தும் மற்ற கண்கள் புரை விழுந்தும் இன்றைக்கும் அம்பத்தூரில் திரிகின்றன.

ரூல் இரண்டு: அவர் வெளியே தேய்க்கும்போது வண்டிக்காரர் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். "உள்ள குந்திகினு எங்க கறை தெரியுதுன்னு வெரல வச்சுக் காட்டு. வெளிய நிக்கிறவனுக்கு அது தெரியாது." எதிர்ப் பக்கத்துக் கண்ணாடியை நாலு விரல் இறக்கிக்கொள்ள அனுமதி உண்டு. இல்லாவிட்டால் நான் அங்கேயே இட்லியாக வெந்திருப்பேன்.

மெஷின் போடுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்காது. ஆனால் நைனா பேசுவார். தேய்க்கத் தொடங்கியதிலிருந்து முடிக்கிறவரை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வாய் அசைந்துகொண்டே இருக்கும். நடுவில் சிரிப்பார். சில சமயம் மெஷினை அணைக்காமல் கையில் பிடித்தபடியே தேய்ப்பதை மட்டும் நிறுத்திவிட்டு, ரொம்ப நேரம் ஏதோ சொல்லிவிட்டு, புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். நானும் மரியாதைக்குத் தலையாட்டுவேன். மெஷினை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கச் சொன்னதும், "அவ்ளோ நேரம் என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணுல்ல நைனா. வெயிலு ஜாஸ்தியா கீதுன்னேன்."

வெயிலைப் பற்றி அவ்வளவு நேரம் யாரும் பேச மாட்டார்கள். வெயிலுக்காக யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வதும் இல்லை. கேட்க ஆள் வேண்டும், ஆனால் கேட்டுவிடவும் கூடாது. எனக்கு அது உடனே புரிந்தது. அடுத்த ஞாயிறு முன் கண்ணாடி. அவர் அங்கே பேசத் தொடங்கியதும், நான் இந்தப் பக்கம் என் பேச்சை ஆரம்பித்தேன். விஜயா ஆஸ்பத்திரியில் கடைசியாக என்ன சாப்பிடக் கேட்டாள் என்பதிலிருந்து, ராத்திரி டி.வி.யை அணைக்காமல் தூங்குகிறேன் என்பது வரைக்கும், மகனிடம் சொல்லாததையெல்லாம் சொன்னேன். அவரும் மரியாதைக்குத் தலையாட்டினார். நடுவில் விரலை நீட்டிக் கறை காட்டவும் மறக்கவில்லை. மெஷின் நின்றதும், "இன்னா சொன்னே?" என்றார். "வெயில் ஜாஸ்தின்னேன்" என்றேன். இரண்டு பேரும் மல்லிகா கடைக்குப் போய் டீ குடித்தோம். அங்கே கிரிக்கெட், எலெக்‌ஷன், மாவு விலை, எல்லாம் சத்தமாகப் பேசினோம்.

அடுத்த வாரம் மகன் கூப்பிட்டபோது நான் காருக்குள் இருந்தேன்.

"எங்கப்பா இருக்கீங்க? ஒரே சத்தமா இருக்கு."

"எஸ்டேட்ல. கண்ணாடி வேல நடக்குது."

"இன்னுமா? மூணு வாரமா ஒரு காருக்குக் கண்ணாடி தொடைக்கிறாரா? வேற ஆளப் பாருங்கப்பா."

"நீதானடா விக்கச் சொன்னே. விக்கிறதுன்னா சும்மாவா?" என்று எரிந்து விழுந்தேன். எனக்கு அவ்வளவு கோபம் வந்து ரொம்ப நாளாகியிருந்தது. அவனுக்கே சந்தோஷமாக இருந்திருக்கும்.

உண்மையைச் சொன்னால், சனிக்கிழமையே சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டேன். டிபன் பாக்ஸில் இரண்டு பேருக்கு எலுமிச்சை சாதம் கட்டினேன். என் எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு நைனா, "அடுத்த தபா ஊறுகா மட்டும் எடுத்தாந்துடு, போதும்" என்றார். ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை. ஒவ்வொரு கண்ணாடியாகத் தெளியத் தெளிய, எனக்கு உள்ளுக்குள் கலக்கம். எட்டும் முடிந்தால் கார் போகும். கார் போனால் ஞாயிறு போகும். அப்புறம் மறுபடி மூன்று கேள்விகளும் இரண்டு பொய்களும்தான்.

கடைசியாக நின்றது முன்னால் இடது பக்கக் கண்ணாடி, விஜயா உட்காருகிற பக்கம். அதை ஏன் கடைசிக்குத் தள்ளினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வெளியே முடித்துவிட்டு உள்பக்கத்துக்கு வந்தார். 'ஹா' என்று ஊதியவர் அப்படியே நின்றார். தலை உயரத்தில் கண்ணாடியின் ஓரமாக ஒரு எண்ணெய்த் தடம். அவளுக்குக் கார் கிளம்பினால் போதும், பத்து நிமிஷத்தில் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள்.

"இது உப்பு இல்ல" என்றார் நைனா. கையிலிருந்த துணியை என்னிடம் கொடுத்தார். "இத்த நான் தொட மாட்டேன். வச்சுக்கணும்னா வச்சுக்க. தொடைக்கணும்னா நீயே தொடை."

அவர் டீ குடிக்கப் போய்விட்டார். நான் துடைத்தேன். விற்கப் போகிற வண்டியில் அவளை எப்படி விட்டுவிட்டுப் போவது? துடைத்த துணியை அவர் திருப்பிக் கேட்கவில்லை.

அன்றே புரோக்கரும் போன் செய்துவிட்டார். பூந்தமல்லியிலிருந்து ஒரு பார்ட்டி, அடுத்த வாரக் கடைசியில் வந்து எடுத்துக்கொள்வார்கள் என்றார். மகனுக்கு ஏக மகிழ்ச்சி. எனக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கமே இல்லை. நைனாவிடம் போக எனக்கு இனி ஒரு காரணமும் இல்லை. எட்டுக் கண்ணாடியும் இருக்கிற இடமே தெரியவில்லை. நண்பரைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பலாம்தான். ஆனால் ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்குக் காரணம் இல்லாமல் ஓர் இடத்துக்குப் போகத் தெரியாது. கையில் ஒரு வேலை வேண்டும்.

வேலையை நானே உண்டாக்கினேன். சனிக்கிழமை மத்தியானம், வாட்ச்மேன் அசந்த நேரம். வெறும் போர் தண்ணீர் ஒரே நாளில் கறை வைக்காது என்பதால், சமையலறைக்குப் போய், அடுப்படி உப்பு ஜாடியில் இருந்தது போதாமல், மேல் தட்டிலிருந்த டப்பாவிலிருந்து நாலு கை அள்ளி ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்தேன். பின் பக்கத்துக் கண்ணாடி ஒன்றைப் பார்த்துத் தெளித்துவிட்டு, திருடன் போல் மாடி ஏறிவிட்டேன். வெயில் அதன் வேலையைச் செய்தது. காலையில் பார்த்தால் கண்ணாடி மங்கலாகி, திட்டுத் திட்டாகப் பளபளத்தது. நான் எதிர்பார்த்ததைவிட அருமையான கறை. எஸ்டேட் வரைக்கும் விசில் அடித்துக்கொண்டே ஓட்டிப் போனேன்.

நைனா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "இன்னா நைனா, எட்டும்தான் முடிஞ்சிட்சே?"

"இந்த வாட்ச்மேன்தான்..." என்று இழுத்தேன். "மறுபடி உப்பு வச்சுட்டாரு."

அவர் போய்க் கண்ணாடியின் முன் நின்றார். ஊதுவதற்கு வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். கண்ணாடியின் கீழ் ரப்பர் ஓரமாக எறும்புச் சாரை ஒன்று ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தது. பட்டாபிராமிலிருந்து கூடவே வந்திருக்க வேண்டும். நைனா எறும்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி எறும்பைப் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலைக் கண்ணாடியில் அழுத்தித் தேய்த்து நாக்கில் வைத்தார்.

"இன்னா நைனா, உங்க ஊட்டு உப்பு இனிக்குது?"

"ரெண்டு டப்பாவும் ஒரே மாதிரி இருக்கும்" என்றேன். "மேல எது, கீழ எதுன்னு அவளுக்குத்தான் தெரியும். நான் சக்கரை போடறதில்லை, சுகர். அதனால..."

நைனா சிரிக்கத் தொடங்கினார். அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. காரில் சாய்ந்து சிரித்தார், தரையில் குந்திச் சிரித்தார், "எறும்ப இஸ்துகினு வந்துகீறான்யா" என்று மல்லிகாவைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். நடுரோட்டில் படுத்திருந்த நாய் எழுந்து தள்ளிப் போனது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அடங்கியதும் ஈரத் துணியால் ஒரே இழுப்பில் கண்ணாடியைத் துடைத்தார். மெஷின் போடவில்லை. சர்க்கரைக்கு எதற்கு மெஷின்? துணியைப் பிழிந்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஒரு கார்ல எட்டு கண்ணாடிய ஒரே நாள்ல முடிக்க எனுக்குத் தெரியாதா நைனா? முடிச்சுக் குட்தா அவன் பாட்டுக்கு பூடுவான். அப்பால ஞாயித்துக்கெழம இங்க நானும் நாயும்தான்." பிழிந்த துணியை உதறினார். "கண்ணாடிய அசிங்கம் பண்ணிகினுலாம் வராத. சும்மா வா."

மெஷின் ஓடவில்லை. நடுவில் கண்ணாடியும் இல்லை. முதல் தடவையாக அவர் சொன்னது எனக்கும் கேட்டது, எனக்குக் கேட்டது என்று அவருக்கும் தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் பூந்தமல்லிப் பார்ட்டி வந்தார். டயரை உதைத்தார், பானெட்டைத் திறந்தார், சைலன்ஸரை மோந்து பார்த்தார். கண்ணாடியை மட்டும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எட்டு ஞாயிறு தேய்த்த கண்ணாடி ஐயா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வாயில் வந்ததை அடக்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தேன். கார் தெரு திரும்புகிற வரைக்கும் கீழேயே நின்றேன். மேலே வந்தபோது வீடு ரொம்பப் பெரிசாக இருந்தது. மகன் கூப்பிட்டு, "நிம்மதியாப்பா?" என்றான். நாலாவது கேள்வி. "ஆமாம்" என்று மூன்றாவது பொய்யையும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். கையில் ஊறுகாய் பாட்டில். வழியெல்லாம் எனக்குக் கூச்சம். சும்மா வா என்று சொன்னதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்வதாக இருக்கலாம். கார் இல்லாமல் கார் கண்ணாடிக்காரர் முன்னால் போய் நிற்பது, நோய் இல்லாமல் டாக்டரிடம் போய் உட்காருவது போலத்தான். இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் எஸ்டேட் வந்துவிட்டது.

நைனா கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். என் பின்னால் ரோட்டைப் பார்த்தார்.

"வண்டி?"

"போயிடுச்சு."

"எதுல வந்தே?"

"பஸ்ல."

"ஜன்னலாண்ட குந்துனியா?"

"ஆமா."

"கண்ணாடி எப்டி கீது?"

"கேவலமா இருந்துச்சு. வெளிய ஒண்ணுமே தெரியல."

நைனா எழுந்தார். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் நல்ல துணியாகப் பார்த்து மடித்து விரித்தார். மல்லிகா கடைப் பக்கம் திரும்பி, சர்க்கரை இல்லாமல் ஒன்று, சர்க்கரையோடு ஒன்று என்று டீ சொன்னார். பிறகு எனக்கு எதிரில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எப்டி கேவலம்? மொதல்லேர்ந்து சொல்லு."

ஒரு பஸ் கண்ணாடியைப் பற்றிச் சொல்ல அப்படி என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். நான் சாயங்காலம் வரைக்கும் சொன்னேன். அவர் சாயங்காலம் வரைக்கும் கேட்டார்.